வளர்த்த வீடும் வாங்கிய வீடும்

76 கோடியே 50 லட்சம் டாலர்!

தொகையைப் பார்த்துவிட்டு ஏதோ அணைக்கட்டுக்குப் போட்ட எஸ்டிமேட் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஒரு மனிதருக்குச் சம்பளம் இது. அதுவும் கட்டையால் பந்தை அடிப்பதற்கு! 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் என்ற பேஸ்பால் அணி, ஹுவான் சோட்டோ என்ற 26 வயது இளைஞரோடு 15 வருஷத்துக்குச் செய்துகொண்ட ஒப்பந்தம். அன்றைய மாற்று விகிதத்தில் நம் பணத்துக்குச் சுமார் 6,500 கோடி ரூபாய். விளையாட்டு உலகத்தில் அதுவரை இவ்வளவு பெரிய பத்திரத்தில் எவரும் கையெழுத்துப் போட்டதில்லை. அந்தப் பேனாவுக்கே திருஷ்டி சுற்றிப் போட்டிருக்க வேண்டும்.

தொகை கிடக்கட்டும். எனக்கு எழுந்த கேள்வி வேறு. இந்தப் பிள்ளையை வளர்த்தது யார்?

மெட்ஸ் அல்ல. சோட்டோ டொமினிகன் குடியரசில் சாந்தோ டொமிங்கோ நகரத்தில் பிறந்தவர். 2015-இல், அவருக்கு 16 வயதாக இருக்கும்போது, வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியின் ஆட்கள் அவரைக் கண்டெடுத்தார்கள். 15 லட்சம் டாலர் கொடுத்து அழைத்துவந்து, சின்னச் சின்ன ஊர் மைதானங்களில் பழக்கினார்கள். 2018-இல், 19 வயதில், பெரிய அணியில் இறக்கினார்கள். மறு வருஷமே வாஷிங்டன் வேர்ல்ட் சீரீஸ் கோப்பையை வென்றது. அந்த ஊருக்கு 1924-க்குப் பிறகு கிடைத்த முதல் கோப்பை! 2022-இல் 15 வருஷத்துக்கு 44 கோடி டாலர் தருகிறோம், இங்கேயே இரு என்றார்கள். சோட்டோ வேண்டாம் என்றார். கையை விட்டுப் போகிற பிள்ளையைக் கொடுத்து நாலு பேரையாவது வாங்கிக்கொள்வோம் என்று, அந்த ஆகஸ்டிலேயே ஸான் டியாகோ அணிக்கு மாற்றிவிட்டார்கள். ஸான் டியாகோவில் ஒன்றரை வருஷம்கூட இல்லை. நியூயார்க் யாங்கீஸ் வாங்கியது. அங்கே ஒரே ஒரு வருஷம். அதன் பிறகுதான் மெட்ஸ்.

பேஸ்பாலைக் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலுமாகப் பெரிய அணிகள் 30. ஒவ்வொரு அணிக்கும் கீழே நாலு சின்ன அணிகள், படிக்கட்டு மாதிரி. பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளும் கல்லூரிப் பிள்ளைகளும் கீழ்ப்படியில் ஆரம்பித்து ஏறவேண்டும். நூறு பேர் ஏற ஆரம்பித்தால் மேல் மாடியை எட்டிப் பார்ப்பவர்கள் சொற்பம். இரவெல்லாம் பஸ் பிரயாணம், ரொட்டித் துண்டுச் சாப்பாடு. 2022 வரை அடிப்படிகளில் ஒன்றில் வருஷச் சம்பளம் 11,000 டாலர்தான். மைனர் லீக் பிள்ளைகள் சங்கம் சேர்ந்த பிறகு, 2023-இல் 26,200 ஆக உயர்ந்தது.

இங்கே உங்களுக்குப் பிடித்தமான ஒரு சங்கதி. இந்தப் பிள்ளைகளுக்கு வாடகை கொடுத்துத் தங்க வழி ஏது? அந்தச் சிற்றூர்க் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக அவர்களைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டன. மாடியறையைக் காலி செய்து கொடுத்து, பாதி இரவில் பசியோடு திரும்புகிற பையனுக்கு அடுப்பில் எதையாவது சுடவைத்து, ஸ்பானிஷ் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு நாலு வார்த்தை இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்து, அம்மா நினைவு வந்து அழுதால் தேற்றி... பெரும்பாலும் அந்தந்த வீட்டு இல்லத்தரசிகள் செய்த வேலை. தங்குமிடம் தருவது அணிகளின் பொறுப்பு என்று 2022-இல்தான் விதி வந்தது. எத்தனையோ நட்சத்திரங்கள் இப்படி முன்பின் தெரியாத ஓர் அம்மாளின் சமையலறையைக் கடந்து போனவர்கள்தாம். எந்த ஒப்பந்தத்திலும் அந்த அம்மாளின் பெயர் கிடையாது.

* * *

சமையலறை என்றதும் ஒரு உதாரணம் தோன்றுகிறது. சமையலுக்கு ஒரு பெண்ணை அமர்த்துகிறீர்கள். வந்த புதிதில் ரசத்துக்கும் சாம்பாருக்கும் வித்தியாசம் தெரியாது. நீங்கள் பக்கத்தில் நின்று, புளி கரைக்கிற பக்குவம் முதல் அப்பளம் பொரிக்கிற சூடு வரை சொல்லிக் கொடுக்கிறீர்கள். தீய்ந்த கறியை முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறீர்கள். மூன்றாம் வருஷம் அவள் கை மணம் தெரு முழுக்கப் பிரசித்தம். அடுத்த தெரு பங்களாக்காரி ஒரு நாள் விருந்துக்கு வந்து, இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு, போகிற போக்கில் மூன்று மடங்கு சம்பளம் என்று அந்தப் பெண்ணின் காதில் போட்டுவிட்டுப் போகிறாள். முதல் தேதி உங்கள் அடுப்பங்கரை காலி!

பேஸ்பால் உலகத்தில் இந்தப் பங்களாக்காரி யார் என்று கேட்டால், அமெரிக்காவில் பத்து வயதுக் குழந்தைகூடச் சொல்லும்: யாங்கீஸ்.

கதை ஆரம்பித்தது 1919 டிசம்பரில். பாஸ்டன் நகரத்து ரெட் சாக்ஸ் அணியில் பேப் ரூத் என்று ஒருவர். பால்டிமோரில் பிறந்து, அடங்காத பிள்ளை என்று ஏழு வயதிலேயே கத்தோலிக்கத் துறவிகளின் தொழிற்பள்ளியில் விடப்பட்டு, அங்கே பந்து விளையாடக் கற்றவர். ரெட் சாக்ஸ் அவரை முதலில் பந்து போடுகிறவராகத்தான் பழக்கியது; பிறகுதான் அவர் அடிக்கிற அடி தெரிந்தது. 1918-இல் பாஸ்டன் கோப்பையை வென்றது. அடுத்த வருஷம் ரூத் 29 ஹோம் ரன் அடித்தார். அந்த நாளில் அது நம்ப முடியாத கணக்கு.

பாஸ்டன் முதலாளி ஹாரி ஃப்ரேஸீ ஒரு நாடகக் காண்ட்ராக்டர். கையில் காசு தங்காத தொழில். யாங்கீஸ் முதலாளி ஜேக்கப் ரூப்பர்ட் பீர் தொழிற்சாலைச் சீமான். விலை 1 லட்சம் டாலர்: கையில் 25,000, மீதிக்கு வட்டியோடு தவணை. அதோடு பாஸ்டன் மைதானத்தின் பேரில் 3 லட்சம் டாலர் கடன் கொடுக்கவும் ரூப்பர்ட் சம்மதித்தார். எதிரியின் வீட்டுப் பிள்ளையை வாங்கியதோடு, வீட்டுப் பத்திரத்தின் மீதும் ஒரு கை போட்டாயிற்று! வேடிக்கை என்னவென்றால், விஷயம் வெளியான அதே 1920 ஜனவரியில் அமெரிக்காவில் மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. பீர்ச் சீமான் அதையும் சமாளித்துக்கொண்டார்.

ஒரு சங்கீத நாடகத்துக்குப் பணம் தேவைப்பட்டதால்தான் ஃப்ரேஸீ ரூத்தை விற்றார் என்று பாஸ்டனில் வெகு காலம் கரித்துக் கொட்டினார்கள். அந்த நாடகம் நியூயார்க் மேடை ஏறியது 1925-இல். கணக்கு நேராக உதைக்கிறது. ஆனால் ஏமாந்த ஊருக்கு ஒரு கதை வேண்டுமே!

ஃப்ரேஸீ ரூத்தோடு நிறுத்தவில்லை. ஒருவர் பின் ஒருவராகப் பாஸ்டனிலிருந்து நியூயார்க்குக்கு ரயில் ஏறினார்கள். 1923-இல் யாங்கீஸ் முதல் முறையாக வேர்ல்ட் சீரீஸ் வென்றபோது, அவர்களுடைய முக்கியப் பந்து வீச்சாளர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் பழைய பாஸ்டன்காரர்கள்! யாங்கீஸ் 2009 வரை 27 கோப்பை வென்றது. பாஸ்டன் 1918-க்குப் பிறகு அடுத்த கோப்பைக்கு 86 வருஷம் காத்திருந்தது. ரூத்தின் சாபம் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

* * *

வாங்க வழியில்லாதவர்கள் என்ன செய்வது? செயின்ட் லூயிஸ் நகரத்தில் பிராஞ்ச் ரிக்கி என்ற வக்கீல் படிப்புக்காரர் இதற்கு ஒரு யுக்தி கண்டுபிடித்தார். அவர் நிர்வகித்த கார்டினல்ஸ் அணியின் தரித்திரம் எப்படிப்பட்டது தெரியுமா? பெரிய மனிதர்கள் பார்க்க வருகிறார்கள் என்றால், ஆபீஸ் கௌரவமாகத் தெரிவதற்காக மனிதர் தம் வீட்டு ரத்தினக் கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டு போய் விரிப்பாராம். திருமதி ரிக்கி என்ன சொன்னார் என்பதைச் சரித்திரம் குறித்து வைக்கவில்லை.

நல்ல ஆட்டக்காரன் எங்காவது கிளம்பினால் பணக்கார அணிகள் ஏலம் ஏற்றிக் கொண்டுபோய்விடுகின்றன. ஆகையால் நாற்றங்காலையே சொந்தமாக வைத்துக்கொண்டால் என்ன? 1919-க்குப் பிறகு ரிக்கி சின்ன ஊர் அணிகளை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கினார். ஹூஸ்டன், ஃபோர்ட் ஸ்மித், சிரக்யூஸ்... அங்கே நாற்று விட்டு, தேறியதை செயின்ட் லூயிஸில் நடவு செய்தார். 1926-இல் கார்டினல்ஸ் வேர்ல்ட் சீரீஸில் யாங்கீஸையே தோற்கடித்தது. கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் ரூத்தே ஓடப் பார்த்து அவுட்டானார் என்றால், செயின்ட் லூயிஸ் வீதிகளில் அன்றிரவு என்ன கொண்டாட்டம் நடந்திருக்கும்!

அப்படியானால் வளர்ப்பவர் நல்லவர், வாங்குபவர் கெட்டவர் என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்படாதீர்கள். ரிக்கியின் நாற்றங்கால் பெருத்துக்கொண்டே போய் 30 அணிகளுக்கு மேல் ஆயிற்று. நூற்றுக்கணக்கான பிள்ளைகள். மேலே இடமில்லை, வேறு அணிக்குப் போகவும் உரிமையில்லை. தேவைக்கு மிஞ்சியதை ரிக்கி நல்ல விலைக்கு விற்றார். விற்றதில் அவருக்கும் பங்கு உண்டு. 1938-இல் பேஸ்பால் கமிஷனர் லாண்டிஸ் தலையிட்டு எழுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை விடுவிக்க வேண்டியிருந்தது.

இதே ரிக்கிதான் பிறகு புரூக்ளின் டாட்ஜர்ஸுக்குப் போய், 1945-இல் ஜாக்கி ராபின்ஸனை ஒப்பந்தம் செய்து, 1947-இல் கறுப்பரை விலக்கி வைத்த சுவரை உடைத்தவர். அதற்காக அவரை எவ்வளவு கொண்டாடினாலும் தகும். ஆனால் அந்தக் கொண்டாட்டத்தில் ஒரு அம்மாள் கேட்ட கேள்வியைப் பலர் மறந்துவிட்டார்கள். அந்த அம்மாளைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் உங்களை அழைத்து வந்தேன்.

* * *

எஃபா மான்லி. நியூஜெர்ஸி மாகாணத்தில் நியூவர்க் நகரம். கறுப்பர்களைப் பெரிய லீக்கில் சேர்க்காத காலத்தில் அவர்களுக்கென்று தனியாக நடந்தது நீக்ரோ லீக். அதில் நியூவர்க் ஈகிள்ஸ் என்ற அணியைக் கணவர் ஏப் மான்லியோடு சேர்ந்து எஃபா நடத்தினார். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது கணவர் பாடு. கணக்கு, சம்பளம், பஸ், விளம்பரம், எந்த ஊரில் எந்தத் தேதியில் ஆட்டம் என்ற ஏற்பாடு அத்தனையும் இந்த அம்மாள் கையில். லீக் கூட்டங்களில் ஆண்கள் நடுவே எழுந்து நின்று கணக்குக் கேட்பார். பேஸ்பாலுக்கு வருமுன்பே, 1934-இல், நியூயார்க் ஹார்லெம் பகுதியில் ஒரு பெரிய ஜவுளிக் கடைக்கு எதிராகப் பகிஷ்காரம் நடத்தியவர்களில் அவர் ஒருவர். எங்கள் காசு வேண்டும், எங்கள் பெண்கள் விற்பனை மேஜையில் நிற்கக்கூடாதா என்பது கோரிக்கை. கடைக்காரர் பணிந்தார்.

1946-இல் ஈகிள்ஸ் நீக்ரோ வேர்ல்ட் சீரீஸை வென்றது. லாரி டோபி, மாண்ட்டி இர்வின் என்று இரண்டு மணிமணியான இளைஞர்கள் அணியில் இருந்தார்கள். அதே வருஷம் டான் நியூகம் என்ற பந்து வீச்சாளரை ரிக்கி அழைத்துக்கொண்டு போனார். எவ்வளவு கொடுத்தார் மான்லி தம்பதிகளுக்கு? ஒரு காசுகூட இல்லை. ராபின்ஸனை வைத்திருந்த கான்ஸாஸ் சிட்டி மொனார்க்ஸ் அணிக்கும் அதே பட்டை நாமம்தான். நீக்ரோ லீக் ஒப்பந்தங்கள் ஒப்பந்தங்களே அல்ல என்பது ரிக்கியின் வாதம்.

நெருக்கடியைப் பாருங்கள். ஆட்சேபித்தால், தன் இனத்துப் பிள்ளைகளின் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கிறாள் என்று சொந்த ஜனங்களே ஏசுவார்கள். வாய் திறக்காவிட்டால் அணி மூழ்கிவிடும். எஃபா வாய் திறந்தார். பிள்ளைகள் போகட்டும், அதில் எனக்குச் சந்தோஷந்தான், ஆனால் வெள்ளைக்கார அணியிடமிருந்து ஆளை எடுத்தால் பணம் கொடுப்பீர்களே, என்னிடம் மட்டும் ஏன் இனாம் என்று பகிரங்கமாகக் கேட்டார்.

1947 ஜூலையில் கிளீவ்லண்ட் முதலாளி பில் வீக், டோபிக்காகப் பேச வந்தார். இந்தப் பையன் வெள்ளையனாக இருந்திருந்தால் 1 லட்சம் டாலர் கொடுக்க நீங்கள் தயங்கமாட்டீர்கள் என்று எஃபா முகத்துக்கு நேரே சொன்னார். கடைசியில் கிடைத்தது 15,000. ஆனாலும் கிடைத்ததே! மான்லிக்கு அது ஒரு வழக்கில் ஜயித்த மாதிரி. அடுத்து இர்வினையும் இனாமாகக் கொண்டுபோக டாட்ஜர்ஸ் முயன்றபோது அந்த அம்மாள் வக்கீல் வைத்துப் போராட, ரிக்கி பின்வாங்கினார். நியூயார்க் ஜயண்ட்ஸ் 5,000 கொடுத்து இர்வினை எடுத்துக்கொண்டது. தம் பங்குக்கு வந்த பணத்தில் எஃபா ஒரு உயர்ந்த ரோமச் சால்வை வாங்கிக்கொண்டாராம். எல்லாம் போய்விட்டது, இதாவது தோளில் இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

எல்லாம் போகத்தான் போயிற்று. நட்சத்திரங்கள் போனதும் ரசிகர்களும் ராபின்ஸனைப் பார்க்கப் புரூக்ளினுக்கு ரயில் ஏறிவிட்டார்கள். 1948-இல் ஈகிள்ஸ் கைமாறியது. எஃபா 1981-இல் காலமானார். 2006-இல் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். அங்கே இடம் பெற்ற முதல் பெண்மணி அவர்தான்.

* * *

இப்போது கொஞ்சம் அந்தச் சமையற்காரப் பெண்ணின் பக்கம் நின்று பாருங்கள். நாமெல்லாம் எஜமானி அம்மாளுக்காகவே பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தோம். கற்றுக் கொடுத்துவிட்டோம் என்பதற்காக ஆயுள் முழுவதும் அதே சம்பளத்துக்கு அதே அடுப்பில் நிற்க வேண்டுமா அவள்?

பேஸ்பாலில் அப்படித்தான் இருந்தது. 1879-இல் ஆரம்பித்த ஒரு ஏற்பாட்டின்படி, ஆட்டக்காரர் ஓர் அணியில் கையெழுத்துப் போட்டால், அந்த அணியாக விற்றாலோ விலக்கினாலோ ஒழிய வேறிடம் போக முடியாது. ரூத்தை விற்றபோது ரூத்தின் சம்மதம் வேண்டியிருக்கவில்லை. 1969 அக்டோபரில், கார்டினல்ஸில் 12 வருஷம் ஆடிய கர்ட் ஃப்ளட் என்பவருக்கு ஒரு டெலிபோன் வந்தது: உங்களை ஃபிலடெல்பியாவுக்குக் கொடுத்துவிட்டோம். வருஷத்துக்கு 90,000 டாலர் வாங்குகிற மனிதர். நான் வாங்கி விற்கிற சொத்து அல்ல என்று கமிஷனருக்குக் கடிதம் எழுதிவிட்டுக் கோர்ட்டுக்குப் போனார். 1972-இல் சுப்ரீம் கோர்ட் மூன்றுக்கு ஐந்து என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அவருடைய ஆட்ட வாழ்க்கை அதற்குள் முடிந்திருந்தது. ஆனால் அவர் தட்டிய கதவு 1975 டிசம்பரில் வேறு இரண்டு ஆட்டக்காரர்களுக்காக ஒரு மத்தியஸ்தரின் தீர்ப்பில் திறந்தது. அதற்குப் பிறகு வந்த விதிப்படி, பெரிய அணியில் ஆறு வருஷம் ஆடினால் ஆட்டக்காரர் சுதந்திரப் பறவை. யார் அதிகம் கொடுக்கிறார்களோ அங்கே போகலாம். சோட்டோவின் 76 கோடிக்கு விதை போட்டவர் ஒரு காசும் பெறாத ஃப்ளட்.

கதவு திறந்ததும் முதலில் சந்தைக்கு ஓடி வந்தவர் யார்? வேறு யார், யாங்கீஸ்! 1973-இல் அந்த அணியை வாங்கியிருந்த ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னர் கூடை கூடையாக நட்சத்திரங்களை வாங்கினார். 1976-இல் வந்த ரெஜி ஜாக்ஸன் மறு வருஷமே கடைசி ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தார். போட்ட காசு வட்டியும் முதலுமாக வந்தது. ஆனால் எண்பதுகளில் எவ்வளவு வாங்கியும் ஒரு கோப்பைகூட இல்லை. 1990-இல் மனிதர் வசமாக மாட்டிக்கொண்டார். தாமே பெருந்தொகை கொடுத்து வாங்கிய டேவ் வின்ஃபீல்டைப் பற்றி வம்பு சேகரிக்க ஒரு சூதாட்டக்காரனுக்குப் பணம் கொடுத்தார் என்று அம்பலமாகி, அணி நிர்வாகத்திலிருந்தே விலக்கி வைக்கப்பட்டார்.

முதலாளி 1993 வரை வீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த இடைவெளியில் ஜீன் மைக்கேல் என்ற நிர்வாகி பிள்ளைகளை விற்காமல் பொறுமையாக வைத்து வளர்த்தார். டெரெக் ஜீட்டர், மாரியானோ ரிவேரா, பெர்னி வில்லியம்ஸ், ஆண்டி பெட்டிட், ஹோர்ஹே பொசாடா. ரிவேரா பனாமா நாட்டு மீன்பிடி ஊர்ப் பையன். சில ஆயிரம் டாலருக்கு வந்து சேர்ந்தவர். இவர்கள் எல்லாம் பெரியவர்கள் ஆனதும் 1996, 1998, 1999, 2000 என்று கோப்பைகள் வந்து குவிந்தன. ஸ்டைன்பிரென்னர் ஆபீஸில் இருந்திருந்தால் இவர்களில் பாதிப் பேரைக் கொடுத்துவிட்டு வயதான நட்சத்திரங்களை வாங்கியிருப்பார் என்பது நியூயார்க் பத்திரிகைக்காரர்களின் ஏகோபித்த அபிப்பிராயம். பங்களாக்காரிக்கும் சமைக்கத் தெரியும். கையில் பர்ஸ் இல்லாதபோதுதான் அது தெரியவந்தது!

பர்ஸ் மட்டும் போதாது என்பதற்கு வேறு சாட்சியும் உண்டு. 2002-இல் ஓக்லண்ட் அணியின் மொத்தச் சம்பளம் சுமார் 4 கோடி டாலர். யாங்கீஸுக்கு 12 கோடிக்கு மேல். இரண்டும் ஜயித்த ஆட்டங்கள் ஒரே எண்ணிக்கை: 103. இதைப் புத்தகமாக எழுதி, 2011-இல் பிராட் பிட் நடித்த சினிமாவாகவும் எடுத்துவிட்டார்கள். சினிமா பார்த்தவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: ஓக்லண்ட் அந்த வருஷம் கோப்பை ஜயிக்கவில்லை.

* * *

என் மனசைத் தொட்டது மாண்ட்ரியல். கனடாவில் பிரெஞ்சு பேசுகிற நகரம். அங்கிருந்த எக்ஸ்போஸ் அணி கைராசிக்காரத் தாய். 1994-இல் மிகக் குறைந்த சம்பளப் பட்டியல்களில் ஒன்றை வைத்துக்கொண்டு, 74 வெற்றி, 40 தோல்வி என்று 28 அணிகளிலும் முதலிடத்தில் நின்றது. ஆகஸ்ட் 12-ஆம் தேதி ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம். அந்த வருஷ வேர்ல்ட் சீரீஸே நடக்கவில்லை. மறு வருஷம் ஏப்ரலில், ஒரு வாரத்துக்குள், நாலு முக்கிய ஆட்டக்காரர்கள் வெளியே! அவர்களில் மார்க்கீஸ் கிரிஸம் அந்த வருஷமே அட்லாண்டாவில் கோப்பை ஏந்தினார். ஜான் வெட்டலாண்ட் 1996-இல் யாங்கீஸ் கோப்பை வென்றபோது வேர்ல்ட் சீரீஸின் சிறந்த ஆட்டக்காரர். அடுத்த வருஷம் ஃப்ளோரிடாவுக்குக் கோப்பை. அங்கே மாய்ஸஸ் அலூ.

பெட்ரோ மார்ட்டினெஸ் இருந்தாரே, டாட்ஜர்ஸ் வேண்டாம் என்று 1993-இல் கொடுத்துவிட்ட ஒல்லிப் பையன். மாண்ட்ரியலில்தான் பெரிய பந்து வீச்சாளரானார். 1997-இல் லீக்கின் சிறந்த பந்து வீச்சாளர் விருது; அந்த நவம்பரிலேயே பாஸ்டனுக்கு அனுப்பப்பட்டார். 2004 செப்டம்பர் 29-இல் எக்ஸ்போஸ் மாண்ட்ரியலில் தன் கடைசி ஆட்டத்தை ஆடியது. ஜனங்கள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனார்கள். ஒரே மாதம் கழித்து, அக்டோபர் 27-இல், பெட்ரோவைக் கொண்ட பாஸ்டன் 86 வருஷத்து ரூத் சாபத்தைத் தீர்த்துக்கொண்டது!

அணி எங்கே போயிற்று? வாஷிங்டனுக்கு. பெயரை மாற்றி நேஷனல்ஸ் என்று வைத்துக்கொண்டது. ஆமாம், சோட்டோவை வளர்த்த அதே நேஷனல்ஸ். ஊர் மாறியும் ஜாதகம் மாறவில்லை.

* * *

இனி நிகழ்காலம். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 2023 டிசம்பரில் ஜப்பானின் ஷோஹெய் ஓஹ்டானியை 10 வருஷத்துக்கு 70 கோடி டாலருக்கு எடுத்தது. அதில் 68 கோடியை 2034 முதல், வட்டியில்லாமல், வாங்கிக்கொள்கிறேன் என்று மனிதர் எழுதிக் கொடுத்திருக்கிறார்! 2024-இலும் 2025-இலும் கோப்பை டாட்ஜர்ஸுக்கே. 2025-இல் வெற்றிக் கணக்கில் எல்லா அணிகளுக்கும் மேலே நின்றது மில்வாக்கி ப்ரூவர்ஸ், சின்ன ஊர், சிக்கனச் சம்பளம், 97 வெற்றி. அரையிறுதியில் டாட்ஜர்ஸ் அவர்களை நாலுக்குப் பூஜ்யமாக அனுப்பிவிட்டது. நாலாவது ஆட்டத்தில் ஓஹ்டானி ஒருவரே பந்து போட்டு 10 பேரை அவுட்டாக்கி, மூன்று ஹோம் ரன்னும் அடித்தார். அதைப் பார்த்தால் 70 கோடி மலிவு என்றே தோன்றும். சம்பள வரம்பை மீறியதற்கு டாட்ஜர்ஸ் அந்த வருஷம் கட்டிய வரி மட்டும் 16 கோடி டாலருக்கு மேல்.

டாட்ஜர்ஸ் வாங்க மட்டும் தெரிந்த அணி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். டொமினிகன் நாட்டில் 1987-லேயே பயிற்சிக்கூடம் கட்டியவர்கள் அவர்கள். மாறாக, வெறும் பர்ஸைத் திறந்த மெட்ஸ், சோட்டோ வந்த முதல் வருஷமான 2025-இல் கடைசிச் சுற்றுகளுக்கே தகுதி பெறவில்லை.

என்னை உறுத்துவது வேறு. ஓஹ்டானி 2017-இல் ஜப்பானிலிருந்து முதல் முறை அமெரிக்கா வந்தபோது அவரை வளர்த்த ஜப்பானிய அணிக்கு 2 கோடி டாலர் கிடைத்தது. பந்து வீச்சாளர் யமமோட்டோவை டாட்ஜர்ஸ் எடுத்தபோது அவருடைய ஒஸாகா அணிக்கு 5 கோடிக்கு மேல் போயிற்று. கால்பந்திலும் ஓர் ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு விலைபோனால், இளம் வயதில் பழக்கிய கிளப்புகளுக்கென்று நூற்றுக்கு 5 பங்கு ஒதுக்க உலக சம்மேளனத்தின் விதி உண்டு. அமெரிக்க பேஸ்பாலுக்குள் அந்த வழக்கம் இல்லை. சுதந்திரமாகப் போகிற ஆட்டக்காரருக்கு ஈடாக, கடைசியாக வைத்திருந்த அணிக்கு, புதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் கூடுதலாக ஓர் இடம் தருவார்கள், அவ்வளவுதான். சோட்டோ போனதற்காக அந்த இடம் யாருக்குக் கிடைத்தது என்கிறீர்கள்? ஒரே வருஷம் வைத்திருந்த யாங்கீஸுக்கு!

பெரிய அணிகள் தங்கள் உள்ளூர் வருமானத்தில் பாதியளவைப் பொதுவில் போட்டுப் பங்கிட்டுக்கொள்வது உண்மை. ஆனால் அந்தப் பங்கு வளர்த்ததற்காக வருவது அல்ல. ஏழை என்பதற்காக வருவது. வாங்கிய பணத்தை ஆட்டக்காரருக்குச் செலவிடாமல் பெட்டியில் பூட்டிவைக்கிற முதலாளிகளும் உண்டு. அவர்களைவிடப் பங்களாக்காரி எவ்வளவோ தேவலை என்பது என் கட்சி. வளர்க்கிற இடத்திலும் கஞ்சத்தனம் பிடித்துக்கொண்டது. 2020 வரை 160 ஆக இருந்த மைனர் லீக் அணிகளை அடுத்த வருஷம் 120 ஆக வெட்டிவிட்டார்கள். அந்தந்த ஊர் மாடியறைகள் அதோடு காலி.

வாஷிங்டனுக்கு வருவோம். 2022 ஆகஸ்டில் சோட்டோவைக் கொடுத்தபோது பதிலுக்கு ஐந்து இளைஞர்கள் வந்தார்கள் அல்லவா? அவர்களில் ஒருவர் ஜேம்ஸ் வூட். அப்போது 19 வயது. ஆறடி ஏழங்குல உயரம். இரண்டு வருஷம் கீழ்ப்படிகளில் வைத்துப் பழக்கி, 2024 ஜூலை 1-இல் பெரிய அணியில் இறக்கினார்கள். 2025-இல் லீக்கின் நட்சத்திர ஆட்டத்துக்கே தேர்வாகிவிட்டார். வாஷிங்டன் ரசிகர்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு வருஷ விதி இப்படியே நீடித்து, வூட் பெரிய அணியிலேயே தொடர்ந்து ஆடினால், 2030 அக்டோபர் வரை அவர் அந்த வீட்டுப் பிள்ளை.